துண்டுக்குள் ஒரு விரல்

சிலுவைத்துறையில் கருவாட்டுக்கு விலை வைப்பது வாயால் அல்ல, விரலால். வாங்குகிறவரும் தரகரும் எதிரெதிரே குந்துவார்கள். இரண்டு பேர் கைக்கும் மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பார், உதறுவார், மறுபடியும் பிடிப்பார். முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் பூசைக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். கடைசியில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சது" என்பார்கள். என்ன முடிந்தது, யாருக்கு முடிந்தது என்பது மீனைக் கீறி, உப்பு வைத்து, வெயிலில் புரட்டிப் போட்டு, காக்கா விரட்டிய பெண்பிள்ளைக்கு மட்டும் தெரியாது. கொடுப்பதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போகவேண்டியது அவள் பாடு.

ஞானசௌந்தரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம். ஒருநாள் கிளாட்வின் முதலாளியும் தரகரும் அவளுடைய நெத்திலிக்குத் துண்டு போட்டு விரல் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவள் பாட்டுக்குப் போய்த் தன் கையையும் துண்டுக்குள் நுழைத்துவிட்டாள்.

"எம் மீனுக்கு என்ன வெலன்னு நானும் தொட்டுப் பாக்கேன்."

முதலாளி அடுப்பைத் தொட்டவர் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார். "பொம்பளைக்குத் துண்டுக்குள்ள என்னளா சோலி?"

"மீனுக்குள்ள மட்டும் சோலி உண்டோ?"

கரையே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. குனிந்து ஒரு பிடி நெத்திலியை அள்ளி விரலிடுக்கில் நெருடிப் பார்த்து, "மண்ணு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வேண்டாம் என்ற சரக்கை வேறு யாரும் சீண்டமாட்டார்கள். அந்த நெத்திலி வீட்டிலேயே கிடந்து, குழம்பாகவும் வறுவலாகவும் இரண்டு மாதம் அவள் புருஷன் இனிகோவின் தலையில் விடிந்தது.

'மண்ணு கெடக்கு' என்பது கிளாட்வின் முதலாளிக்குச் செபம் மாதிரி. கடற்கரை மணலில் பாய் விரித்துக் காயப்போட்டால் மண் ஒட்டாமல் சர்க்கரையா ஒட்டும்? கச்சான் காற்று கிளம்பிவிட்டால் சோற்றிலேயே மண். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்து அவர் கரையையே கைக்குள் வைத்திருந்தார். கெட்ட மனுஷன் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. கோயில் திருவிழாக் கொடி அவர் உபயம். பிரசவ வலி எடுத்தால் நடுச்சாமத்திலும் தன் காரை அனுப்புவார். ஊரில் பாதிப் படகு அவருடையது, முக்கால்வாசி ஆம்பிளைகள் அந்தப் படகுகளில்தான் கடலுக்குப் போனார்கள். நல்லவராக இருப்பது அவருக்குக் கட்டுப்படியாயிற்று, அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய துறைமுகம் என்று பட்டம் கிடைத்த சமயம் அது. அப்போதுதான் கூட்டுறவு இலாகாவிலிருந்து செல்லக்கனி என்று ஒரு பெண் அதிகாரி சிலுவைத்துறைக்கு வந்தாள். பனங்காட்டுப் பக்கத்துப் பிள்ளை, கடலைத் தூரத்தில் இருந்து பார்த்தவள். முதல் தடவை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினாள். போகப்போக வாளைக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தாள். அவள் சொல்லித்தான் 'சிலுவைத்துறை மீன் உலர்த்தும் பெண்கள் கூட்டுறவுச் சங்கம்' உண்டாயிற்று. தலைவி யார் என்று வந்தபோது எல்லோரும் ஞானசௌந்தரியைப் பார்த்தார்கள். துண்டுக்குள் கை நீட்டியவள் அவள் ஒருத்திதானே!

சங்கம் முதலில் செய்த காரியம், மண்ணை ஒழித்தது. சிமெண்டும் கம்பியும் சர்க்கார் தந்தது. சரளை சுமந்தது, தண்ணீர் இறைத்தது, குழைத்துப் போட்டது எல்லாம் பெண்கள். கடலில் இருந்து திரும்பிய ஆம்பிளைகளும் சாயங்காலம் வந்து கை கொடுத்தார்கள். கோயில் முற்றத்தைவிட அகலமாக, வழவழவென்று ஒரு சிமெண்டுக் களம். அதில் காய்ந்த கருவாட்டில் மருந்துக்கும் மண் கிடையாது. கொல்லத்து வியாபாரி ஒருவர் சரக்கை முகர்ந்து பார்த்து, நேராகச் சங்கத்திலேயே வாங்க ஆரம்பித்தார். அங்கே துண்டும் கிடையாது. விலையைக் களத்தின் நடுவில் நின்று சத்தமாகச் சொல்லவேண்டும், சொல்லுகிறவள் களத்துப் பெண் பிளாரன்ஸ். அவள் குரல் மணப்பாட்டுக் கரை வரைக்கும் கேட்கும்.

கிளாட்வின் முதலாளி பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் சட்டையில் செண்டு பூசிக்கொண்டு, மனைவி ஆக்னஸையும் கூட்டிக்கொண்டு களத்துக்கு வந்தார். "மீன் தொழில் குடும்பத்துப் பொம்பள யாரும் சேரலாம்னுதானே சட்டம்? எம் பொஞ்சாதியச் சேத்துக்கிடுங்க. நூறு பங்கு."

சட்டத்தில் அப்படித்தான் இருந்தது, மறுக்க வழியில்லை. அவர் செருப்புக் காலோடு களத்தில் நடந்து, வாங்கிப்போட்ட நிலத்தைப் பார்க்கிறவர் மாதிரி நாலு மூலையும் பார்த்தார். ஆக்னஸ் அப்படி வரவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் களத்து விளிம்பில் கழற்றி, காலைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே அடி வைத்தாள். ஞானசௌந்தரி அதைக் கவனித்தாள். ஆக்னஸின் அம்மா மணப்பாட்டில் கருவாடு காயப்போட்டவள் என்பது ஊருக்குத் தெரியும். பட்டுக்குள் இருந்தாலும் கால் மறக்கவில்லை.

அடுத்த வாரமே ஆக்னஸ் பேரில் ஒரு தீர்மானம் வந்தது. களத்தைப் பத்து வருஷத்துக்குக் கிளாட்வின் முதலாளிக்குக் குத்தகைக்கு விடவேண்டும், சரக்கு முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வார். உறுப்பினர் ஒருத்தி எழுதிக் கொடுத்தால் பொதுக்குழுவைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

"கூட்டுங்க, கூட்டுங்க. கூட்டம் என்ன சொல்லுதோ அதுக்கு நானும் கட்டுப்படுதேன். எங்கிட்டதான் நூறு பங்கு இருக்கே" என்றார் முதலாளி.

செல்லக்கனி சிரிக்காமல் சொன்னாள். "பங்கு நூறானாலும் ஓட்டு ஒண்ணுதான், அண்ணாச்சி. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. கூட்டுறவுன்னா அதுதான்."

"அப்போ நூறு பங்கு எதுக்கு?"

"சங்கத்துக்கு ஒத்தாசையா இருக்கும்."

இந்தப் பதில் ஒரு வாரம் ஊரெல்லாம் சுற்றியது. ஆனால் முதலாளி அசரவில்லை. "ஒரு ஓட்டுன்னா ஒரு ஓட்டு. எல்லாவளும் கையத் தூக்கிக் காட்டட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த 'பாத்துக்கிடுதேன்' வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. களத்துப் பெண்களின் புருஷன்மார் எல்லோரும் யார் படகில் போகிறார்கள்? அவர் கண்ணெதிரே எவள் கை தூக்குவாள்?

கூட்டத்தன்று காலையில் இனிகோ கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். அவன் முதலாளியின் லாஞ்ச் என்கிற விசைப்படகில் டிரைவர்.

"நீ அவருக்கு எதிரா கையத் தூக்கினியானா, நாளையிலேருந்து நான் கரையில உக்காந்து நண்டு எண்ண வேண்டியதுதான்."

"அப்போ தூக்கவேண்டாங்கீயளா?"

 அவன் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான். "நான் என்னத்தச் சொல்ல. அந்தக் களத்துக்குச் சரள சொமந்தவன் நானுந்தான்."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. தன் வாய் நீளத்தை நம்பி இத்தனை பெண்களைச் சேர்த்துவிட்டோம், இப்போது களம் போனால் மறுபடியும் மணல், மறுபடியும் அந்தச் செபம். இந்தத் தடவை அதைக் கேட்டுக்கொண்டு தன்னால் உயிரோடு இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

கூட்டம் களத்தில்தான். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று செல்லக்கனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முதலாளி அதற்கும் சரி என்று, கயிற்று வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கடற்கரை எல்லோருக்கும் பொதுதானே? பின்னால் கணக்கப்பிள்ளை விக்டர் குடை பிடித்தார். அதற்கும் பின்னால் படகுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். முதலாளி நிற்கச் சொல்லியிருந்தார். அந்த வரிசையில் இனிகோவும் இருந்தான்.

ஆக்னஸ் எழுந்து, புருஷன் எழுதிக் கொடுத்த தாளைத் தலை நிமிராமல் படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தீர்மானத்துக்குச் சம்மதம்னா..." என்று செல்லக்கனி ஆரம்பித்தாள். பெண்கள் வேலியைப் பார்த்தார்கள். வேலியில் அவரவர் புருஷன் நின்றான். ஒன்றிரண்டு கைகள் மடியிலிருந்து அரைச் சாண் எழும்புவதைப் பார்த்ததும் ஞானசௌந்தரி துள்ளி எழுந்தாள்.

"நிறுத்துங்கம்மா! ரகசிய ஓட்டு வேணும். சட்டத்துல எடம் உண்டா?"

"உண்டு. உறுப்பினர் கேட்டா ரகசியமாத்தான் எடுக்கணும். எப்படி எடுக்கணும்கிறத இந்தக் கூட்டமே முடிவு செய்யலாம்."

தாளில் போடலாம் என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் பின்வாங்கினார்கள். முதலாளி வீட்டுத் தாளில் எத்தனையோ தடவை பெருவிரல் பதித்து, என்ன எழுதியிருந்தது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். தாள் என்றாலே ஆகாது. போதாக்குறைக்குக் கச்சான் வேறு செல்லக்கனியின் பைலைப் புரட்டிக்கொண்டிருந்தது. பானையில் சிப்பி போடலாம் என்றாள் பிளாரன்ஸ். வேலிக்கு வெளியிலிருந்து விக்டர் குரல் கொடுத்தார். "எவளாவது மடியில பத்துச் சிப்பி கொண்டாந்து கவுத்துட்டா?"

ஆள் சரியில்லையே தவிர, கேள்வி சரிதான்.  முதலாளி சாவகாசமாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞானசௌந்தரி அந்தத் துண்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வேலி வரைக்கும் போனாள்.

"மொதலாளி, அந்தத் துண்டக் கொஞ்சம் தாங்க."

"எதுக்குளா?"

"ஓட்டுப் போடத்தான். சிப்பியக் கூடுதலாக் கொண்டாரலாம். கையக் கூடுதலாக் கொண்டார முடியுமா? அதிகாரியம்மா கை துண்டுக்குள்ள இருக்கும். ஒவ்வொருத்தியா வந்து விரலப் பிடிக்கட்டும். களத்தக் குடுக்கலாம்னா ஒத்த விரல். குடுக்கவேண்டாம்னா ரெண்டு விரல்."

முதலாளிக்கு முகம் கறுத்தது. "பொம்பளைக்குத் துண்டுக்குள்ள..."

"என்னளா சோலி!" என்று களம் முழுவதும் ஒரே குரலில் முடித்து வைத்தது. பிளாரன்ஸின் குரல் தனியாகக் கேட்டது. வேலியில் நின்ற படகுக்காரர்களில் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. இத்தனை ஆம்பிளைகள் முன்னால் ஒரு துண்டைக் கொடுக்கத் தயங்கினால் பயந்துவிட்டார் என்று ஆகிவிடும். முதலாளி துண்டைச் சுருட்டி எறிந்தார். "வெளையாடுங்க, வெளையாடுங்க."

செல்லக்கனி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, வலது கையை நீட்டித் துண்டைப் போட்டுக்கொண்டாள். அவள் எழுதுவது இடது கையால். 'பீச்சாங்கையால எழுதுத பிள்ள' என்று வந்த நாளிலிருந்து அவளைக் கேலி செய்தவர்களுக்கு அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. மடியில் ஒரு ஓலைக்கடகத்தைக் கவிழ்த்துச் சாய்த்து, அதன் மறைவில் இடது கையால் கோடு போட ஆயத்தமானாள்.

வரிசை நகர்ந்தது. ஒருத்தி முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இத்தனை வருஷமாக முதலாளியின் முகத்தையே பார்த்துப் பார்த்து அந்த வித்தையைப் படித்தவர்கள் அல்லவா? பூசைக்கு உட்கார்ந்த முகத்தோடு குந்தினார்கள், விரல் பிடித்தார்கள், எழுந்து போனார்கள். ஒருத்தி பிடித்துவிட்டு உதறினாள், மறுபடி பிடித்தாள்.

"அம்மா, பேரம் பேசாதீங்க. ஒரு தடவைதான்" என்றாள் செல்லக்கனி.

பிளாரன்ஸ் பிடித்த பிடியில் அதிகாரியின் கண்ணாடி வளையல் உடைந்தது. வேலிக்கு வெளியே முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கும் ஒருநாள் தெரியத்தானே வேண்டும்?

கடைசிக்கு முந்தி ஆக்னஸ். முதலாளி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் குந்தி, துண்டுக்குள் கையை விட்டு, உடனே எழுந்துவிட்டாள். தலைவி என்பதால் கடைசி முறை ஞானசௌந்தரிக்கு. எதிரே வந்த ஆக்னஸ், இடம் போதாதவள் மாதிரி அவளை உரசிக்கொண்டு போனாள். போகிற போக்கில் அவள் உள்ளங்கையில் இரண்டு விரல்களை அழுத்திவிட்டுப் போனாள்.

இரண்டு விரல்!

ஞானசௌந்தரிக்கு முதலில் சந்தோஷம். இரண்டடி நடப்பதற்குள் அந்தச் சந்தோஷம் பயமாக மாறியது. எல்லோருமே இரண்டு விரல் என்றால்? ஒரு ஓட்டுக்கூட முதலாளி பக்கம் விழவில்லை என்றால், ஆக்னஸ் எந்தப் பக்கம் என்று கேட்கவா வேண்டும்? துண்டு மறைத்ததைக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஊரார் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆக்னஸ் எந்த வீட்டுக்குப் போவாள்?

அவளைக் காப்பாற்ற ஒரே வழிதான். யாராவது ஒருத்தி ஒற்றை விரல் கொடுத்திருக்கவேண்டும். மிச்சம் இருப்பது தான் ஒருத்திதான்.

ஆனால் மற்றவர்கள் பயந்திருந்தால்? புருஷன் முகத்தைப் பார்த்துப் பாதிப் பேர் ஒற்றை விரல் கொடுத்திருந்தால், தன் ஒற்றை விரலே களத்தைத் தூக்கி முதலாளி கையில் கொடுத்துவிடும். தான் சுமந்த சரளை, தான் கட்டிய சங்கம், தன் விரலாலேயே போகும். அப்புறம் அந்த விரலை வெட்டிப்போட்டாலும் ஆறாது.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இவர்களை நம்பினால் ஒற்றை விரல். நம்பாவிட்டால் இரண்டு விரல். அவ்வளவுதான் கேள்வி.

அவள் குந்தினாள். துண்டுக்குள் கையை விட்டு அதிகாரியின் ஒற்றை விரலைப் பிடித்தாள்.

செல்லக்கனி திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். ஞானசௌந்தரி முதலாளியின் முகத்தைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கடகத்துக்குப் பின்னால் எண்ணி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த நேரத்தில் ஞானசௌந்தரி தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, தெரியாதவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

செல்லக்கனி எழுந்தாள். "குடுக்கலாம்னு ஒரு ஓட்டு. குடுக்கவேண்டாம்னு நாப்பத்திரெண்டு. களம் சங்கத்துக்கே!"

பிளாரன்ஸ் அதைத் திருப்பிச் சொன்ன சத்தத்தில் களத்து விளிம்பில் இருந்த காக்காயெல்லாம் எழும்பிப் பறந்தன. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள், அழுததற்காகச் சிரித்தார்கள். வேலியில் நின்ற ஆம்பிளைகள் முதலில் ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பயம் போனது அப்போதுதான். எவன் பொண்டாட்டி எதிர்த்தாள் என்று பார்த்து ஒருவனை வேலையை விட்டு நிறுத்தலாம். எல்லாப் பொண்டாட்டியும் எதிர்த்திருந்தால் யாரை நிறுத்துவார்? லாஞ்சை விக்டரா ஓட்டுவார்? இனிகோதான் முதலில் கைதட்டினான். பிறகு வரிசை முழுவதும் தட்டியது.

கிளாட்வின் முதலாளி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற கௌரவம் அவருக்கு உண்டு. "கூட்டம் சொல்லிட்டு. நான் கட்டுப்படுதேன்" என்றார். பிறகு ஆக்னஸைப் பக்கத்தில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி உரக்கச் சொன்னார். "ஊரே ஒருபக்கம் நின்னாலும் எம் பொஞ்சாதி எம் பக்கம் நின்னா பாத்தீயளா? ஒத்தையா நின்னா! அது போதும் எனக்கு."

ஆக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு நிமிஷம் கழித்து மெல்ல நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலாக ஞானசௌந்தரியைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. முதலாளி அதைத் தனக்காக வந்த கண்ணீர் என்று நினைத்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"துண்டு?" என்றார் போகும்போது.

"அது சங்கத்துச் சொத்தாயிட்டு, மொதலாளி" என்றாள் ஞானசௌந்தரி. "நாப்பத்திமூணு பேரு கை பட்டது. பங்கு வேணும்னா ஆக்னஸ் அக்காகிட்டக் கேட்டு வாங்கிக்கிடுங்க."

அவரே சிரித்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு செல்லக்கனி உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே ஞானசௌந்தரியின் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நீங்கதான் சண்டை போட்டீங்க, நீங்கதான் இந்த யோசனையும் சொன்னீங்க. பிறகு கடைசில ஏன் நீங்க..."

ஞானசௌந்தரி அவள் வாயைத் தன் உப்பேறிய கையால் பொத்தினாள்.

"துண்டுக்குள்ள நடந்தத வெளிய பேசப்படாது, அம்மா. எங்க கரை வழக்கம் அது."

மறுநாள் விடிந்து மீன் வந்து இறங்கியபோது, களத்து விளிம்பில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு கிடந்தது. ஆக்னஸ் பழைய நூல்சேலை கட்டி, காலைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, ஒரு கடகம் நெத்திலியை இழுத்து வைத்துப் பரப்ப ஆரம்பித்திருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஞானசௌந்தரி நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.